இரவல் பெயர் சூட்டிய என்ஜின்

இத்தாலி நாட்டில் டூரின் என்று ஒரு நகரம். 1971-ம் ஆண்டு அங்கே ஒரு கார் கண்காட்சி நடந்தது.

அந்தக் கண்காட்சியில் பெராரி கம்பெனி ஒரு புதிய பந்தய ரகக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. தரையோடு தரையாகப் படுத்த கார். ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் என்ஜின். அதில் 12 சிலிண்டர்.

காரின் பெயர், "பெர்லினெட்டா பாக்சர்".

"பெர்லினெட்டா" என்றால் இத்தாலி மொழியில் கூரை மூடிய சிறிய கார். "பாக்சர்" என்றால் குத்துச்சண்டைக்காரர். பாக்சர் என்பது ஒரு வகை என்ஜினின் பெயரும் ஆகும். ஆகவே, அந்தக் காரில் இருப்பது பாக்சர் என்ஜின் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆனால், அந்தக் காரில் இருந்தது பாக்சர் என்ஜின் அல்ல!

அது "படுத்த வி" என்ஜின். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் இரண்டும் வேறு வேறு என்பது தெரியும்.

"எந்த என்ஜினாக இருந்தால் என்ன? கார் ஓடினால் சரி" என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. கடலை எண்ணெய் டின்னில் "நல்லெண்ணெய்" என்று எழுதி விற்றால் சும்மா இருப்போமா? கடலை எண்ணெய் கெட்ட எண்ணெய் அல்ல. வடை சுட அதுதான் நல்லது. ஆனால் அது நல்லெண்ணெய் அல்லவே!

பெராரி காரின் கதையும் அப்படித்தான். என்ஜின் நல்ல என்ஜின். பெயர்தான் இரவல்.

சைக்கிள் மிதியும் இரண்டு பையன்களும்

என்ஜினுக்குள் என்ன நடக்கிறது?

சிலிண்டர் என்பது ஒரு குழாய். அதற்குள் பிஸ்டன் என்ற இரும்புக் கட்டை முன்னும் பின்னும் ஓடுகிறது. (இப்போது அலுமினியத்தில் செய்கிறார்கள்.) பெட்ரோல் வெடிக்கும்போது பிஸ்டன் தள்ளப்படுகிறது. அது ஒரு தண்டைச் சுழற்றுகிறது. அந்தத் தண்டுக்குக் கிராங்க் என்று பெயர். கிராங்க் சுழன்றால் சக்கரம் சுழலும்.

சைக்கிளில் கால் மேலும் கீழும் போகிறது. மிதி வட்டமாகச் சுற்றுகிறது. அதே வேலைதான். கால்தான் பிஸ்டன். மிதி இருக்கும் தண்டுதான் கிராங்க். கால் வைக்கும் கட்டையைப் போலக் கிராங்கிலும் ஒரு கட்டை உண்டு. அதற்குப் "பின்" என்று பெயர்.

சிலிண்டர்களைப் பல விதமாக அடுக்கலாம். ஒரே வரிசையாக நிறுத்தலாம். அல்லது உண்டிகோல் கவட்டை போல இரண்டு கிளையாக விரிக்கலாம். அது "வி" என்ஜின். ஆங்கில எழுத்து "வி" போல இருப்பதால் அந்தப் பெயர்.

கவட்டையை மேலும் மேலும் விரித்தால் என்ன ஆகும்? கடைசியில் இரண்டு கிளையும் தரையோடு படுத்துவிடும். ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். அது படுத்த என்ஜின்.

இந்தப் படுத்த என்ஜினில்தான் இரண்டு சாதி.

ஒரு சைக்கிளின் மிதித் தண்டை மட்டும் கழற்றித் தரைக்குச் சற்று மேலே பொருத்துங்கள். இடது பக்கம் ஒரு பையன் படுக்கட்டும். வலது பக்கம் ஒரு பையன் படுக்கட்டும். இருவர் காலும் நடுவில் இருக்கும் மிதியைத் தொடட்டும்.

ஆளுக்கு ஒரு மிதி கொடுத்தால் என்ன நடக்கும்? மிதிகள் இரண்டும் எதிரும் புதிருமாக இருக்கின்றன. இடது மிதி இடது பையன் பக்கம் வரும்போது, வலது மிதி வலது பையன் பக்கம் வருகிறது. இருவர் காலும் ஒரே நேரத்தில் மடங்கும். அரைச் சுற்று போனால் இருவர் காலும் ஒரே நேரத்தில் நீளும்.

இதுதான் பாக்சர்! எதிரெதிர் பிஸ்டன்கள் ஒன்றாக உள்ளே வருகின்றன. ஒன்றாக வெளியே போகின்றன. ஜால்ரா தட்டுவது போல. சண்டை தொடங்கும் முன் குத்துச்சண்டைக்காரர் தம் இரண்டு கையுறைகளையும் மோதிக்கொள்வார் அல்லவா? அதைப் பார்த்து வைத்த பெயர்.

இப்போது ஒரு மிதியைக் கழற்றிவிடுங்கள். இரண்டு பையன்களும் ஒரே மிதியில் கால் வைக்கட்டும்.

இடது பையன் கால் மடங்கினால் வலது பையன் கால் நீளும். இவன் தள்ள, அவன் பின்வாங்குவான். பெரிய ரம்பத்தை இரண்டு பேர் பிடித்து மரம் அறுப்பது போல.

இதுதான் படுத்த வி! எதிரெதிர் பிஸ்டன்கள் இரண்டும் ஒரே பின்னைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டும் சேர்ந்து இடது பக்கம் போகும். பிறகு சேர்ந்து வலது பக்கம் போகும்.

வித்தியாசம் அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு பின்னா? இரண்டு பேருக்கும் ஒரே பின்னா? இதைப் பார்க்காமல், என்ஜின் படுத்திருக்கிறது என்பதற்காகவே "பாக்சர்" என்று சொல்வது தவறு.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது?

ஒரு பிஸ்டன் வேகமாகப் போய் நிற்கிறது. திரும்பி ஓடி வந்து நிற்கிறது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் தடவை இப்படி நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் என்ஜின் குலுங்கும். பஸ் திடீரென்று நின்றால் உள்ளே இருப்பவர் முன்னால் சாய்வார் அல்லவா? அதே குலுக்கல்.

பாக்சர் என்ஜினில் இந்தக் குலுக்கல் அடங்கிவிடுகிறது. இடது பிஸ்டன் இடது பக்கம் உதைக்கும் அதே நேரத்தில், வலது பிஸ்டன் வலது பக்கம் உதைக்கிறது. இரண்டு உதையும் கழிந்துபோகிறது.

ஒரு சிறு குறை உண்டு. ஆளுக்கு ஒரு பின் இருப்பதால், இரண்டு சிலிண்டரும் நேருக்கு நேர் நிற்க முடியாது. ஒன்று கொஞ்சம் முன்னால், ஒன்று கொஞ்சம் பின்னால் நிற்கும். ஆகவே என்ஜினைத் திருகும் ஒரு சிறு ஆட்டம் மிஞ்சுகிறது. ஆறு சிலிண்டர் பாக்சரில் மூன்று ஜோடி இருக்கிறது. மூன்று ஜோடியின் திருகலும் ஒன்றை ஒன்று அடக்கிவிடும்.

இரண்டே சிலிண்டர் உள்ள படுத்த என்ஜினில் ஒரே பின்னைப் போட்டால்? இரண்டு பிஸ்டனும் ஒரே பக்கம் உதைக்கும். உதை இரண்டு மடங்கு. ஓட்டுபவரின் பல் ஆடிவிடும்!

ஆகவே, சிலிண்டர் குறைவாக இருக்கும் படுத்த என்ஜினுக்குப் பாக்சர் முறைதான் ஏற்றது. ஜெர்மனி நாட்டுக் கார்ல் பென்ஸ் 1890-களிலேயே இரண்டு சிலிண்டரை எதிரெதிராகப் படுக்கவைத்தார். 1923-ல் பி.எம்.டபிள்யூ. கம்பெனி தன் முதல் மோட்டார் சைக்கிளை இந்த முறையில்தான் செய்தது. இன்றும் அந்தக் கம்பெனி பாக்சர் மோட்டார் சைக்கிள் செய்துவருகிறது.

வண்டு போன்ற உருவமுள்ள வோக்ஸ்வாகன் காரில் நான்கு சிலிண்டர் பாக்சர். பின்பக்கம் இருந்தது. காற்றினால் குளிர்ந்தது. தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலையே இல்லை. 2003-ம் ஆண்டு மெக்சிகோ நாட்டில் கடைசி வண்டு வெளிவந்தபோது, மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

வண்டுக் காரை வகுத்தவர் பெர்டினாண்ட் போர்ஷே. அவருடைய மகன் பெரி போர்ஷே, அந்த என்ஜினையே வைத்து 1948-ல் ஒரு சிறிய பந்தய ரகக் காரைச் செய்தார். அதுதான் போர்ஷே 356.

அடுத்து வந்தது 1963-ல், பிராங்க்பர்ட் கண்காட்சியில். அப்போது அதன் பெயர் 901. நடுவில் சைபர் வரும் மூன்று எண் பெயர் தமக்கே உரியது என்று பிரான்சு நாட்டு பெஜோ கம்பெனி ஆட்சேபித்தது. உடனே 911 ஆயிற்று.

(பெயர் விஷயத்தில் கார்க் கம்பெனிகள் எவ்வளவு கண்டிப்பு, பாருங்கள்! ஒரு சைபருக்குச் சண்டை போடுகிறார்கள். ஒரு என்ஜினின் பெயரை மட்டும் கண்டுகொள்வது இல்லை.)

911-ல் இருந்தது ஆறு சிலிண்டர் பாக்சர். 2 லிட்டர். 130 குதிரைச் சக்தி. ஆறு பிஸ்டன், ஆறு பின். ஆளுக்கு ஒன்று. சுத்தமான பாக்சர்.

அதே ஆள், வேறு என்ஜின்

இங்கேதான் கதை திரும்புகிறது.

அந்த 911 என்ஜினுக்குப் பெரும் பங்கு செலுத்தியவர் ஹன்ஸ் மெட்ஸ்கர் என்ற என்ஜினீயர். 1969-ல் போர்ஷே கம்பெனி 917 என்ற பெரிய பந்தயக் காரைச் செய்தது. அதற்கும் என்ஜின் வகுத்தவர் மெட்ஸ்கர்தான். இந்தத் தடவை 12 சிலிண்டர். இதுவும் படுத்த என்ஜின்.

பாக்சர் என்ஜினில் கைதேர்ந்தவர். பாக்சர் செய்தே பெயர் வாங்கிய கம்பெனி. 12 சிலிண்டருக்கும் அவர் பாக்சரைத்தானே போட்டிருக்க வேண்டும்?

போடவில்லை! 12 பிஸ்டனுக்கு ஆறே பின். இரண்டு பேருக்கு ஒன்று. படுத்த வி!

ஏன்?

12 சிலிண்டர் என்றால் பக்கத்துக்கு ஆறு. ஆறு சிலிண்டர் ஒரே வரிசையில் நின்றால், அந்த வரிசையின் குலுக்கல் அதற்குள்ளேயே அடங்கிவிடும். முன்பாதி மூன்றும் பின்பாதி மூன்றும் கண்ணாடியில் பார்த்தது போல நடக்கும். எதிர்ப் பக்கத்தின் உதவி அதற்குத் தேவை இல்லை. இடது வரிசை தன் காலில் நிற்கிறது. வலது வரிசையும் தன் காலில் நிற்கிறது.

அப்படி இருக்கும்போது ஆளுக்கு ஒரு பின் எதற்கு?

அதனால் நஷ்டம்தான் வரும். 12 பின் போட்டால் கிராங்க் நீளும். அதைத் தாங்கும் பேரிங்குகளும் கூடும். நீண்ட தண்டு முறுக்கிக்கொள்ளும். ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே முறுக்கு ஏறும். வேகம் கூடினால் தண்டு உடையும்.

ஆறு பின் போட்ட பிறகும் மெட்ஸ்கருக்கு இந்தப் பயம் இருந்தது. ஆகவே 917 என்ஜினில் சக்தியைக் கிராங்கின் முனையிலிருந்து எடுக்கவில்லை. நடுவில் ஒரு பல்சக்கரம் வைத்து, அங்கிருந்து எடுத்தார். நீளமான தண்டை இரண்டு குட்டைத் தண்டாக ஆக்கியது போல ஆயிற்று.

இன்னொரு லாபமும் உண்டு. பாக்சரில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக உள்ளே வரும்போது நடுவில் உள்ள காற்று நசுங்குகிறது. அந்தக் காற்றைப் பக்கத்து அறைக்குத் தள்ளித் தள்ளியே கொஞ்சம் சக்தி வீணாகும். படுத்த வியில் ஒரு பிஸ்டன் உள்ளே வரும்போது எதிர்ப் பிஸ்டன் வெளியே போகிறது. காற்று நசுங்குவது இல்லை. அதிவேகப் பந்தய என்ஜினுக்கு இது பெரிய விஷயம்.

பலன் என்ன? பிரான்சு நாட்டில் லெ மான் என்ற ஊரில் 24 மணி நேர கார் பந்தயம் நடக்கிறது. 1970-ல் அந்தப் பந்தயத்தில் போர்ஷே முதன்முதலாக முழு வெற்றி பெற்றது. ஓடிய கார் 917. 1971-லும் அதே காருக்கு வெற்றி. பிறகு டர்போ என்ற காற்றடைப்பு யந்திரமும் சேர்த்து, 1973-ல் அந்த என்ஜினிலிருந்து 1,000 குதிரைச் சக்திக்கு மேல் எடுத்தார்கள்.

ஆறுக்குப் பாக்சர். பன்னிரண்டுக்குப் படுத்த வி. ஒரே ஆள் இரண்டையும் செய்தார். "பாக்சர்தான் உயர்ந்தது, படுத்த வி மட்டம்" என்று பேசுகிறவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பெராரியின் சாதனை

இப்போது பெராரிக்கு வருவோம்.

பெராரியின் தலைமை என்ஜினீயர் மவுரோ பொர்கியேரி. அவர் 1970-ல் 3 லிட்டர், 12 சிலிண்டர் படுத்த என்ஜினை வைத்து ஒரு பந்தயக் காரைச் செய்தார். அதன் பெயர் 312-பி. அந்த "பி" என்ற எழுத்து "பாக்சர்" என்பதைக் குறிக்கும். இரவல் பெயர் அங்கேயே ஒட்டிக்கொண்டது!

என்ஜின் படுத்த விதான். பின்னைப் பங்கு போட்ட பிஸ்டன்கள்தான். மெட்ஸ்கர் சொன்ன அதே நியாயம்.

அது எப்படி ஓடியது? 1975-ல் ஆஸ்திரிய நாட்டு வீரர் நிக்கி லவுடா அந்த என்ஜினுடன் உலக சாம்பியன் ஆனார். 1976-ல் அதே லவுடா நெருப்பில் சிக்கி, சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார். ஆறு வாரத்தில் மறுபடி காரில் உட்கார்ந்தார். 1977-ல் மீண்டும் சாம்பியன். 1979-ல் தென் ஆப்பிரிக்க வீரர் ஜோடி ஷெக்டர் சாம்பியன். கார் கம்பெனிகளுக்கான பட்டமும் 1975, 1976, 1977, 1979 என்று நான்கு தடவை பெராரிக்கே.

இப்படிப்பட்ட என்ஜினுக்கு இன்னொருவர் பெயர் எதற்கு? சொந்தப் பெயரிலேயே மார்தட்டி இருக்கலாமே!

"இத்தாலியில் படுத்த என்ஜினை எல்லாம் பாக்சர் என்று சொல்வது பேச்சு வழக்கு" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். பேச்சு வழக்கு பேச்சோடு இருக்கட்டும். விலை கொடுத்து வாங்கும் காரின் முதுகில் ஏறினால் அது வழக்கு அல்ல, வாக்கு.

வேறு ஒரு கதையும் உண்டு. காரின் பெயரைச் சுருக்கி "பி.பி." என்பார்கள். (ரத்தக் கொதிப்பு அல்ல!) அந்தக் காரின் உருவத்தை வரைந்தவர் லியனார்டோ பியோரவந்தி. பிரான்சு நாட்டு நடிகை பிரிஜித் பார்தோவின் பெயரை மனதில் வைத்தே அதை "பி.பி." என்று அழைத்ததாகவும், "பெர்லினெட்டா பாக்சர்" என்பது பிறகு பொருத்திய விரிவு என்றும் அவர் பல ஆண்டு கழித்துச் சொன்னார். அப்படியானால் அந்தப் பெயருக்கும் என்ஜினுக்கும் சம்பந்தமே இல்லை என்று ஆகிறது!

மெத்தை மேல் மெத்தை

பெயரை மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாதது ஒன்று இருக்கிறது.

என்ஜினை எதற்காகப் படுக்கவைக்கிறார்கள்? கனம் தரைக்கு அருகில் இருக்க வேண்டும் என்பதற்காக. கனம் தாழ்ந்து இருந்தால் வளைவில் கார் சாயாது. கட்டை வண்டியில் வைக்கோலை உயரமாக அடுக்கினால் திருப்பத்தில் குடை சாயும். நெல் மூட்டையைத் தாழ்வாக அடுக்கினால் நிலையாகப் போகும். இது பாக்சருக்கும் படுத்த விக்கும் பொதுவான லாபம்.

பெர்லினெட்டா பாக்சரில் என்ன செய்தார்கள்? கியர் பெட்டியை என்ஜினுக்கு அடியில் வைத்தார்கள்! கியர் பெட்டி கீழே, 12 சிலிண்டர் என்ஜின் மேலே. காரின் நீளம் குறைந்தது உண்மை. ஆனால் படுக்கவைத்த என்ஜினைத் தூக்கிப் பரணில் போட்டது போல ஆயிற்று. கனம் மேலே ஏறிவிட்டது.

1984-ல் "டெஸ்டரோசா" என்ற புதிய கார் வந்தது. "சிவப்புத் தலை" என்று பொருள். என்ஜினின் மூடிக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருந்தார்கள். அதிலும் கியர் பெட்டி என்ஜினுக்கு அடியில்தான்.

ஆறு சிலிண்டர் பாக்சர் வைத்த போர்ஷே காரில் கியர் பெட்டி என்ஜினுக்கு முன்னால் இருக்கிறது. என்ஜின் தன் இடத்தில், தாழ்வாக. படுத்ததன் பலன் முழுவதும் கிடைக்கிறது. பெராரியைக் குறை சொல்ல வேண்டுமானால் இதற்காகச் சொல்லலாம். பின்னைப் பங்கு போட்டதற்காக அல்ல.

அகலத்தால் வந்த ஆபத்து

படுத்த என்ஜின் உயரம் குறைவு. ஆனால் அகலம் அதிகம். இதுவும் இரண்டு சாதிக்கும் பொதுவான குறை. அந்த அகலம்தான் கடைசியில் பந்தயத்தில் அதன் காலை வாரியது.

இங்கிலாந்து நாட்டு லோட்டஸ் கம்பெனி 1977-ல் ஒரு புது வித்தை கண்டுபிடித்தது. காரின் இரு பக்கத்திலும் அடிப்பகுதியைக் குடைந்து, காற்றுப் போகும் சுரங்கம் போல அமைத்தார்கள். கார் ஓடும்போது அந்தச் சுரங்கத்தில் காற்று விரைந்து பாயும். அடியில் காற்றின் அழுத்தம் குறையும். மேலே இருக்கும் காற்று காரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். வளைவிலும் வேகம் குறைக்க வேண்டாம்! 1978-ல் லோட்டஸ் சாம்பியன் ஆயிற்று.

லோட்டஸ் காரில் இருந்தது வி என்ஜின். அடியில் குறுகலாக இருக்கும். இரு பக்கமும் சுரங்கத்துக்கு இடம் உண்டு. படுத்த என்ஜினில் சுரங்கம் வரவேண்டிய இடத்தில் சிலிண்டர்கள் படுத்திருக்கின்றன. காற்று எப்படிப் போகும்?

பிரபாம் என்ற கம்பெனியின் காரில் ஆல்பா ரோமியோவின் 12 சிலிண்டர் படுத்த என்ஜின் இருந்தது. அந்தக் காரை வகுத்தவர் கார்டன் மர்ரே. சுரங்கம் வெட்ட அவருக்கு இடம் இல்லை. என்ன செய்தார் தெரியுமா? காரின் பின்புறத்தில் ஒரு பெரிய மின்விசிறி போன்ற விசிறியை மாட்டினார்! அது காரின் அடியில் இருந்த காற்றை உறிஞ்சி வெளியே தள்ளியது. கார் பல்லி போலத் தரையில் ஒட்டிக்கொண்டது.

"விசிறி எதற்கு?" என்று கேட்டார்கள். "என்ஜினைக் குளிரவைக்க" என்று பதில் வந்தது.

1978-ல் சுவீடன் நாட்டுப் பந்தயத்தில் அந்த விசிறிக் கார் ஓடியது. ஓட்டியவர், அப்போது பிரபாமுக்கு மாறியிருந்த நிக்கி லவுடா. அரை நிமிடத்துக்கு மேல் முந்தி ஜெயித்தார்! மற்றக் கம்பெனிகள் கொதித்தன. ஓடியது அந்த ஒரே பந்தயம். அதோடு காரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டுக்கு ஆல்பா ரோமியோ குறுகலான வி என்ஜினைச் செய்து கொடுத்தது.

பெராரி மட்டும் படுத்த என்ஜினை விடவில்லை. 1979-ல் சமாளித்தது. 1980-ல் முடியவில்லை. அந்த ஆண்டு முழுவதும் பெராரி வாங்கிய புள்ளிகள் 8-தான். கனடா நாட்டுப் பந்தயத்தில் ஷெக்டருக்கு ஓடும் தகுதியே கிடைக்கவில்லை. முந்திய ஆண்டின் உலக சாம்பியன், ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்! அந்த ஆண்டோடு அவர் பந்தயத்தை விட்டுவிட்டார்.

1981-ல் பெராரி ஆறு சிலிண்டர் வி என்ஜினுக்கு மாறியது.

உள்ளே பாக்சர் இருந்தாலும் இதே கதிதான். படுத்த என்ஜின் எதுவாக இருந்தாலும் அந்தச் சுரங்கத்துக்கு ஆகாது. ஆகவே, 1980-ன் தோல்வியைக் காட்டி, "நிஜ பாக்சராக இருந்தால் ஜெயித்திருக்கும்" என்று சொல்வது அர்த்தம் இல்லாத பேச்சு.

இன்றைய நிலை

சாலையில் ஓடும் பெராரி கார்களில் படுத்த வி இன்னும் சில காலம் நீடித்தது. டெஸ்டரோசா பெயர் மாறி, உருவம் மாறி, 1996 வரை வந்தது. அதற்குப் பிறகு பெராரி தன் பழைய வழக்கப்படி 12 சிலிண்டர் வி என்ஜினைக் காரின் முன்பக்கம் வைத்தது. படுத்த 12-ஐ அத்தோடு விட்டுவிட்டது.

பாக்சர் மட்டும் நிற்கிறது. ஜப்பான் நாட்டுச் சுபாரு கம்பெனி 1966 முதல் பாக்சர் கார் செய்துவருகிறது. 2012-ல் டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செய்த சிறிய பந்தய ரகக் காருக்கு நான்கு சிலிண்டர் பாக்சர்தான். போர்ஷே 911-ல் இன்றும் ஆறு சிலிண்டர் பாக்சர். 2024-ல் மின்சார மோட்டாரும் சேர்த்து ஒரு ரகம் வந்தது. அதிலும் பாக்சர்தான்.

பாக்சர் செலவு பிடித்த என்ஜின். இரண்டு பக்கமும் தனித்தனித் தலை. பிளக் மாற்ற வேண்டுமானால் மெக்கானிக் கையை வளைத்து நெளித்து உள்ளே விட வேண்டும். இருந்தும் விடாமல் செய்கிறார்கள். நான்குக்கும் ஆறுக்கும் அது பொருந்துகிறது, ஆட்டம் இல்லை, கனம் தாழ்வு.

பழைய பெராரி கார்கள் இன்று ஏலத்துக்கு வருகின்றன. பெரும் பணக்காரர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள். காரின் பெயர்த் தாளில் இன்றும் "பெர்லினெட்டா பாக்சர்" என்றே இருக்கிறது. அதை யாரும் திருத்தப்போவது இல்லை. ஆனால் அந்த என்ஜினைப் பிரித்துப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குக்கு உண்மை தெரியும். அவர் மேஜை மேல் கிராங்கை எடுத்து வைக்கிறார். பின்களை எண்ணுகிறார். 12 பிஸ்டனுக்கு ஆறு பின்!